பார்த்ததை எழுத வையுங்கள்: பிளஸ் டூ ஊடகவியல் தேர்வுக்கும் செய்முறைக்கும் பிள்ளைகளைத் தயார் செய்வது

ஒரு நகைக்கடை விளம்பரத்தைப் போட்டுக் காட்டி, "இது என்ன சொல்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: "இந்த விளம்பரம் குடும்பப் பாசத்தை அழகாகக் காட்டுகிறது." தப்பில்லை. ஆனால் இந்த வாக்கியத்தை விளம்பரத்தைப் பார்க்காமலே எழுதிவிடலாம். அதனால் அதற்கு மதிப்பெண்ணும் அரைகுறையாகத்தான் விழும்.

அதே பிள்ளை இப்படி எழுதினால்? "அம்மா மகளுக்கு நகை பூட்டும்போது நடுத்தூர ஷாட்டிலிருந்து அம்மாவின் முகத்துக்குக் குளோசப்பாக வெட்டு விழுகிறது. அதுவரை ஒலித்த நாதஸ்வரம் அங்கே நின்றுவிடுகிறது. இரண்டு விநாடி அமைதிக்குப் பிறகே கடையின் பெயர் வருகிறது. பாசத்தை முதலில் உணர வைத்து, அந்த உணர்ச்சியோடு கடையின் பெயரை முடிச்சுப் போடுகிறார்கள்." மூன்று வாக்கியம் கண்ணும் காதும் கண்டது, ஒரு வாக்கியம் பொருள். ஊடகவியல் பாடத்தில் ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய முதன்மையான திறன் இந்த வரிசைதான். கோட்பாடு, சட்டம், வரலாறு, குறும்படம் எல்லாவற்றிலும் இதுவே வேறு வேறு உருவில் திரும்ப வரும்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது

சிபிஎஸ்இ-யில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு மாஸ் மீடியா ஸ்டடீஸ் ஒரு திறன் பாடம். குறியீட்டு எண் 835. எழுத்துத் தேர்வு 60, செய்முறை 40. எழுத்துத் தேர்வின் 60-இல் 10 மதிப்பெண், எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் என்ற பொதுப் பகுதிக்கு: தகவல் தொடர்பு, தன்னாளுமை, கணினி, தொழில்முனைவு, பசுமைத் திறன்கள். "அது எல்லாப் பாடத்துக்கும் பொதுதானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகள் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுகிறார்கள். நேரடியான கேள்விகள்தான் அங்கே வருகின்றன. ஜூலை, ஆகஸ்டிலேயே வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்தப் பகுதியை முடித்துவிடுங்கள்.

மாதிரித் தாள்களில் எழுத்துத் தேர்வு இரண்டாகப் பிரிந்திருக்கும். 30 மதிப்பெண்ணுக்கு ஒரு மதிப்பெண் கொள்குறி வினாக்கள். மீதி 30-க்கு 2, 3, 4 மதிப்பெண் வினாக்கள். நான்கு மதிப்பெண் விடைக்கே கேட்பது 50 முதல் 80 சொற்கள்தான். ஒன்றரைப் பக்கம் எழுதிப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய சோதனை. ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்கள் வரும் என்பதால், அந்த ஆண்டுக்கான பாடத்திட்டத்தையும் மாதிரித் தாளையும் சிபிஎஸ்இ-யின் கல்விப் பிரிவுத் தளத்திலிருந்து நீங்களே இறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுடைய பழைய நோட்டை நம்பிப் படிக்க வேண்டாம்.

மதுரைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பார்ப்பதும் பேசுவதும் தமிழில்; தேர்வு எழுதுவது ஆங்கிலத்தில். இதற்கு 60 பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் பாடநூல் சொல், வலப்பக்கம் தமிழில் ஒரு வரி விளக்கமும் சொந்தமாகப் பார்த்த ஓர் உதாரணமும். "கேட்கீப்பிங்: எந்தச் செய்தி உள்ளே வரலாம், எது வேண்டாம் என்று வழியில் நிற்பவர் முடிவுசெய்வது. எங்கள் தெருவில் மூன்று நாள் குடிதண்ணீர் வரவில்லை. எந்தப் பேப்பரிலும் வரவில்லை." இப்படி 80 சொல் சேர்ந்தால் பாடத்தின் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். உதாரணம் இல்லாத சொல்லை நோட்டில் ஏற்றக்கூடாது என்பதை மட்டும் விடாமல் பாருங்கள்.

ஒரு நிமிடக் காட்சி, நான்கு முறை

தினமும் செய்ய வேண்டிய பயிற்சி இது. இருபது நிமிடம் போதும். 30 முதல் 60 விநாடிக்குள் ஒரு விளம்பரமோ செய்தித் துணுக்கோ நாடகக் காட்சியோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீண்டால் பிள்ளை கதையில் விழுந்துவிடும்.

முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஷாட் அளவு, கேமராவின் உயரம், அசைவு, சட்டகத்தில் யார் எங்கே நிற்கிறார், உடை, நிறம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பவை மட்டும். இரண்டாம் முறை திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்: பேச்சு, பின்னணி இசை, சூழல் ஒலி, எங்கே அமைதி. மூன்றாம் முறை கையில் பேனாவோடு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கோடு. 30 விநாடியில் 20 கோடு விழுந்தால் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் ஒன்றரை விநாடி. 5 கோடு விழுந்தால் ஐந்து விநாடி. "எடிட்டிங் வேகமாக இருக்கிறது" என்று எழுதுவதைவிட "30 விநாடியில் 20 வெட்டுகள்" என்பது எவ்வளவு கனமான வரி என்பதைப் பிள்ளையே உணரும். நான்காம் முறைதான் ஒலியும் படமும் சேர்ந்து. அப்போதுதான் "ஏன்?" என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

குறிப்பை எப்போதும் மூன்று கட்டத்தில் எழுத வையுங்கள்: கண்டது அல்லது கேட்டது, அதற்கான கலைச்சொல், அதனால் பார்ப்பவருக்கு என்ன ஆகிறது. மூன்றில் எது காலியாகிறது என்று பார்த்தாலே பிள்ளையின் பலவீனம் தெரிந்துவிடும். நன்றாக மனப்பாடம் செய்கிறவர்களுக்கு முதல் கட்டம் காலியாக இருக்கும். சினிமாப் பைத்தியங்களுக்கு இரண்டாவது. மூன்றாவது கட்டத்தில் "பார்வையாளரைக் கவர்கிறது" என்று எழுதினால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். எல்லாமே கவரத்தான் எடுக்கிறார்கள். பயப்பட வைக்கிறதா, காத்திருக்க வைக்கிறதா, ஒருவர் பக்கம் சாய வைக்கிறதா என்பதுதான் விடை.

குறியியல் (ஒரு குறி எப்படிப் பொருள் தருகிறது என்ற படிப்பு) பகுதியில் நேர்ப்பொருள், உட்பொருள் என்ற இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். அதைத் தெளிவுபடுத்த மதுரையைவிட நல்ல இடம் கிடையாது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, அதுவரை உடுத்திய முழு உடையை விட்டு அரைத்துண்டுக்கு மாறினார். நேர்ப்பொருள்: இடுப்பில் ஒரு துண்டுத் துணி. உட்பொருள்: ஏழை விவசாயியோடு ஒன்றாக நிற்பது, அந்நியத் துணி மறுப்பு, எளிமை. அதே உடையை அன்றைய ஆங்கிலேய அதிகாரி ஒருவர் வேறு மாதிரி வாசித்திருப்பார், அது எதிர்வாசிப்பு. காந்தி மியூசியத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய், அங்குள்ள புகைப்படங்களில் 1921-க்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று எடுத்து இந்த மூன்று வரியை அவர்களையே எழுத வையுங்கள். ஊடக அறிஞர் ஸ்டூவர்ட் ஹால் சொன்ன எதிர்வாசிப்பு என்னவென்பதும் ஒரே பிற்பகலில் புரிந்துவிடும்.

பேப்பரை அளந்து படிப்பது

செய்தித்தாள் ஒப்பீடு செய்முறைக் கோப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய வேலை. மிகவும் சொதப்பப்படுவதும் இதுதான். மூன்று பேப்பரின் முதல் பக்கத்தை வெட்டி ஒட்டி, கீழே "இது நன்றாக உள்ளது" என்று எழுதினால் அது ஒட்டுவேலை, ஆய்வு ஆகாது.

ஒரே நாளின் மூன்று நாளிதழ்கள் வாங்குங்கள். மூன்றும் மதுரைப் பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடையில் வாங்கி, இன்னொன்றை இ-பேப்பரில் சென்னைப் பதிப்பாக எடுத்தால் ஒப்பீடே தப்பாகிவிடும். பண்டிகை நாளும் அதற்கு முந்தைய நாளும் வேண்டாம். முழுப்பக்க விளம்பரம் முதல் பக்கத்தையே மூடியிருக்கும். அப்படி அமைந்துவிட்டால் உள்ளே இருக்கும் செய்தி முதல் பக்கத்தை எடுத்து, அதைக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

இனி ஸ்கேல். பக்கத்தின் அச்சுப் பரப்பை நீளம், அகலம் அளந்து சதுர சென்டிமீட்டராக்குங்கள். பெரிய அளவு நாளிதழுக்கு அது ஏறத்தாழ 33 × 52, அதாவது 1,716 சதுர செ.மீ. வரும். பிறகு ஒவ்வொரு செய்தியையும் படத்தையும் விளம்பரத்தையும் தனித்தனியே அளந்து விழுக்காடு போடுங்கள். தலைப்பையும் செய்தியோடு சேர்த்தே அளக்க வேண்டும்; இதைச் சிலர் விட்டுவிட்டு, கூட்டினால் நூறு வரவில்லை என்று திகைப்பார்கள். பத்திகளுக்கு இடையிலான வெற்றிடத்துக்கு 5 முதல் 8 விழுக்காடு போகும். அதைத் தனி வரியாகக் காட்டிவிட்டால் கணக்கு நேராகும்.

அளவுக்குப் பிறகுதான் மொழி. ஒரே செய்தியின் மூன்று தலைப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வினைச்சொல்லை மட்டும் கோடிட வையுங்கள். "கூறினார்", "குற்றம் சாட்டினார்", "போட்டு உடைத்தார்" மூன்றும் ஒரே பேச்சைப் பற்றியதாக இருக்கலாம். எந்தப் பேப்பர் யார் பக்கம் சாய்கிறது என்று பிள்ளை தானாகவே சொல்லும்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், அச்சிட்ட இடம் இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் விடாதீர்கள். உரிமையாளர் யார் என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. பத்திரிகை வரலாற்றிலும் மதுரைக்கு இடம் உண்டு: சி. பா. ஆதித்தனார் தினத்தந்தியை 1942-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். பாடநூலின் 1780, ஹிக்கியின் பெங்கால் கெஜட் என்ற வரியோடு இதையும் சேர்த்து எழுதும் பிள்ளையின் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

கோட்பாட்டை ஊருக்குள் கொண்டுவருதல்

கோட்பாடுகளைப் பெயர், ஆண்டு, ஒரு வரி, ஓர் உதாரணம் என்ற நான்கு துண்டாகப் படிக்க வேண்டும். உதாரணம்தான் எப்போதும் விடுபடுகிறது.

இருபடிப் பரவல் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவும் 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது வாக்காளர்களை ஆராய்ந்ததில் தொடங்கியது. ஊடகச் செய்தி முதலில் கருத்துத் தலைவர்களுக்குப் போய், அவர்கள் வழியாக மற்றவர்களுக்குப் போகிறது என்பது சாரம். காலை ஆறரை மணிக்கு டீக்கடை பெஞ்சில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்டு, அதில் இருவர் வாதம் செய்வதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இதை மறுபடி விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெஞ்சில் படிப்பவர் யார், அவர் எதை விட்டுவிட்டுப் படிக்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். கேட்கீப்பிங்கும் அங்கேயே இருக்கிறது.

மெக்கோம்ப்ஸ், ஷா இருவரின் அஜெண்டா செட்டிங் (1972) பற்றி பிள்ளைகள் எழுதும் வழக்கமான தவறு, "ஊடகம் மக்கள் என்ன நினைக்க வேண்டும் என்று சொல்கிறது" என்பது. எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதே கோட்பாடு. இந்த ஒரு சொல் பிசகினால் மதிப்பெண் போய்விடும்.

சமூக ஊடகம் பற்றிய வினாவுக்கு 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டம் நல்ல உதாரணம். அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் கூட்டம் திரண்டது எப்படி, வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் என்ன செய்தன, தொலைக்காட்சி நேரலை பிறகு என்ன சேர்த்தது என்று மூன்று படியாகப் பிரித்து எழுத வேண்டும். போராட்டம் சரியா தவறா என்ற வாதத்துக்குள் போனால் விடை பாதை மாறிவிடும்.

மரபு ஊடகம், திரைப்பட வரலாறு ஆகிய பகுதிகளிலும் ஊர்ச் செய்திகளைக் கையில் வைத்திருக்கட்டும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவை 1918-இல் தொடங்கியது மதுரையில். மதுரை ராயல் டாக்கீஸ் தயாரித்த சிந்தாமணி படம் 1937-இல் ஓடிய ஓட்டத்தில் வந்த லாபத்தில் எழுந்ததே அதே பெயரிலான தியேட்டர். 1952-இல் பராசக்தியோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள். இவை எதற்கு? திரைப்படம் ஒரு வெகுஜன ஊடகம் என்ற பாடநூல் வரிக்கு அளவு காட்டுவதற்கு. விடைக்கு ஒன்று போதும்; மூன்றையும் கொட்டினால் ஊர்ப்பெருமையாகிவிடும்.

சட்டப் பகுதியில் பழைய கைடுகள் பிள்ளைகளைக் காலை வாரிவிடுகின்றன. இரண்டு இடங்களை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டத்தின் இடத்தில் 2023-இல் இயற்றிய புதிய பத்திரிகைகள், பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தில் 2023-இல் செய்த திருத்தத்தால் யு/ஏ சான்றிதழ் இப்போது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அரசியல் சாசனத்தில் பேச்சுரிமை தரும் 19(1)(அ), அதற்கு வரம்பு சொல்லும் 19(2), தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது ஆகியவை ஆண்டோடு நினைவில் இருக்க வேண்டும்.

மூன்று நிமிட ஆவணப்படம்

செய்முறையில் அதிக உழைப்பு போவதும் அதிகம் வீணாவதும் இங்கேதான்.

தலைப்பிலேயே பாதி முடிவாகிவிடும். "மதுரையின் சிறப்புகள்" என்று எடுத்தால் எல்லோரும் எடுத்த படங்களையே இணையத்திலிருந்து பிடுங்கி ஒட்ட வேண்டியதாகிவிடும். ஓர் ஆள், ஓர் இடம், ஒரு வேலை, ஒரு நேரம் என்று சுருக்குங்கள். "மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை படியும் அதிகாலை ஒரு மணி நேரம்" நல்ல தலைப்பு. "பேருந்து நிலையத்தில் ஜிகர்தண்டா வண்டிக்காரர் கடையைக் கட்டும் அரை மணி நேரம்" அதுவும் நல்லது. அங்கே ஏதோ ஒன்று தொடங்கி, மாறி, முடிகிறது. அதனால் படத்துக்குத் தானாகவே உருவம் வரும்.

அனுமதியை முதலிலேயே வாங்கிவிட வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது; அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். திருமலை நாயக்கர் மகால், சமணர் மலை போன்று தொல்லியல் பாதுகாப்பில் இருக்கும் இடங்களுக்குப் பள்ளியின் முத்திரையோடு கடிதம் கொடுத்துக் கேட்க வேண்டும். பேட்டி கொடுப்பவரிடம் நான்கு வரி ஒப்புதல் தாள்: பெயர், எதற்காக எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், கையொப்பம். எழுதத் தெரியாதவரானால் கேமராவைப் பார்த்து வாய்மொழியாகச் சொல்ல வைத்துப் பதிவு செய்யலாம். சிறு குழந்தைகள் முகம் தெரிய வந்தால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மூன்று நிமிடம் என்றால் 180 விநாடி. ஷாட்டுக்குச் சராசரி 5 விநாடி வைத்தால் 36 ஷாட் வேண்டும். தேர்ந்தெடுக்க இடம் வேண்டும் என்பதால் 60 ஷாட் எடுங்கள். ஒவ்வொன்றையும் கை அசையாமல் 10 விநாடி பிடித்தால் அது 10 நிமிடம். பேட்டி 15 நிமிடம். மொத்தம் 25 நிமிடப் பதிவு. 1080 தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி வைத்தால் மூன்றேகால் ஜிபி. கிளம்புமுன் போனில் 6 ஜிபி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் "இடம் இல்லை" என்று போன் நின்றுபோனால், பூ மார்க்கெட்டில் அந்த நிமிடம் திரும்ப வராது.

ஒரு வேலையைக் காட்ட ஐந்து ஷாட் பழக்கம் உதவும்: கையின் குளோசப், முகத்தின் குளோசப், ஆளும் இடமும் சேர்ந்த அகல ஷாட், தோளுக்குப் பின்னிருந்து ஒன்று, வேறு யாரும் யோசிக்காத கோணம் ஒன்று. பூக்கட்டுபவரானால் நாரை முடியும் விரல், குனிந்த முகம், சுற்றிலும் குவிந்த பூ, தோள்மேலிருந்து நீளும் சரம், தராசுத் தட்டுக்குக் கீழிருந்து மேல்நோக்கி ஒன்று. இந்த ஐந்தும் இருந்தால் எடிட்டிங்கில் எங்கும் சிக்காது. ஜூம் போடுவதும், இடவலமாகக் கேமராவை ஓட்டுவதும் வேண்டவே வேண்டாம். வெட்ட இடம் கிடைக்காது.

விற்பவர், வாங்குபவர் இருவரும் பேசும்போது அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கேமரா எப்போதும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தாண்டினால் திரையில் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். 180 டிகிரி விதி என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பது இதைத்தான்.

வெளிச்சம். நம் ஊர் வெயிலில் பத்து மணியிலிருந்து மூன்றரை வரை வெளியே முகம் எடுத்தால் கண்குழி கறுத்துப்போகும். ஒன்பதுக்குள்ளோ நாலரைக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் கட்டடத்தின் நிழலுக்குள் ஆளை நிறுத்தி, வெயில் பட்ட சுவர் அவருக்கு எதிரே இருக்குமாறு பாருங்கள். டியூப்லைட் எரியும் கடைக்குள் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலான போன்கள் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கின்றன, இரண்டும் ஒத்துப்போவதில்லை. புரோ வீடியோ வசதியில் 25 ஃபிரேமுக்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பட்டை போய்விடும்.

படத்தைவிட ஒலியில்தான் பிள்ளைகளின் படங்கள் தோற்கின்றன. கொஞ்சம் மங்கலான படத்தைப் பார்த்துவிடுவார்கள். பேச்சு புரியாவிட்டால் பார்ப்பவர் விட்டுவிடுவார். எடுக்கும் போன் ஆறடி தள்ளி நிற்கும்போது அதன் மைக் மார்க்கெட் இரைச்சலைத்தான் பிடிக்கும். இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டகத்துக்கு வெளியே பிடியுங்கள். சட்டைப்பையில் வைப்பதானால் தலைகீழாக வைக்க வேண்டும்; மைக் போனின் அடியில் இருக்கிறது. பையில் வைத்தால் துணி உரசும், ஆகவே ஒரு முறை எடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டினால் இரண்டு பதிவையும் பிறகு பொருத்துவது எளிது. இரண்டு போனும் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். வீட்டுக்குள் பேட்டியானால் மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும், அதனால் மூன்று நான்கு நிமிடமாகப் பிரித்து எடுங்கள். முடித்துக் கிளம்புமுன் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்ய வேண்டும். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் பள்ளம் தெரியாமல் நிரப்புவது அதுதான்.

கேள்விகளை "ஆமாம், இல்லை" என்று முடியாதபடி கேட்கப் பழக்குங்கள். "இந்தத் தொழில் கஷ்டமா?" என்றால் "கஷ்டம்தான் தம்பி" என்பதோடு நின்றுவிடும். "இன்னைக்கு எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்கண்ணே, அதுக்கப்புறம் என்னென்ன செஞ்சீங்க?" என்றால் கதை வரும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ், கேடன்லைவ் இரண்டும் இலவசம். கைன்மாஸ்டரின் இலவச வடிவம் படத்தின்மேல் தன் முத்திரையைப் பதித்துவிடும். முதலில் பேட்டியின் பேச்சை மட்டும் வெட்டி இரண்டு நிமிடமாக்கி வரிசைப்படுத்துங்கள். பிறகே மேலே படங்களை வையுங்கள். பேச்சின் உச்சம் மைனஸ் 12-இலிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடக்கூடாது: காப்புரிமைப் பிரச்சினை ஒருபுறம், அந்தப் படத்தின் உணர்ச்சி உங்கள் படத்தை விழுங்கிவிடுவது மறுபுறம். மார்க்கெட்டின் சத்தத்துக்கு மேல் இசை தேவையே இல்லை.

தமிழில் எழுத்துப் போடும்போது யூனிகோட் எழுத்துருதான் வேண்டும். சில செயலிகளில் "கொ", "கோ" போன்றவை உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக விழும். முழுப் படத்தையும் ஏற்றுமதி செய்தபின் கண்டுபிடிப்பதைவிட, தொடக்கத்திலேயே "மாட்டுத்தாவணியில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கள்" என்று ஒரு வரி தட்டிச் சோதித்துவிடுங்கள். கோப்பை அச்செடுக்கும் கடைக்கும் பிடிஎஃப் ஆகவே கொண்டுபோங்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்தால் அங்கே வேறு எழுத்துரு ஏறி எல்லாம் கட்டம் கட்டமாக வரும்.

கோப்பும் வைவாவும்

கோப்பில் முடிந்த வேலையை மட்டும் வைத்தால் அது யார் செய்தது என்ற சந்தேகம் எழும். தேதி, இடம், ஷாட் எண், விநாடி, குறிப்பு என்று ஐந்து கட்டத்தில் படப்பிடிப்புப் பதிவை அன்றன்றே எழுத வையுங்கள். "ஷாட் 14: வண்டி குறுக்கே வந்தது, ஃபோகஸ் போனது, மறுபடி எடுக்கவில்லை, அதற்குப் பதில் ஷாட் 22" போன்ற வரிதான் வேலையின் உண்மைக்குச் சாட்சி. முதல் வரைவு ஸ்கிரிப்டும், அதில் அடித்தது திருத்தியதும் அப்படியே இருக்கட்டும். நன்றாகப் படி எடுத்து எழுதிய "ரஃப்" எந்தத் தேர்வாளரையும் ஏமாற்றாது.

குழுவாகச் செய்த வேலையானால் யார் எதைச் செய்தார் என்று ஒரு பக்கம் தனியாக வேண்டும். எடிட் செய்த பிள்ளையிடம் "இந்த ஷாட்டை ஏன் இவ்வளவு நீளமாக விட்டாய்?" என்றும், ஒலி எடுத்த பிள்ளையிடம் "இரைச்சலை எப்படிச் சமாளித்தாய்?" என்றும் வீட்டில் கேட்டுப் பழக்குங்கள். அதிகம் தடுமாற வைப்பது, "மறுபடி எடுத்தால் எதை மாற்றுவாய்?" என்ற கேள்வி. "ஒன்றும் மாற்ற மாட்டேன்" என்பது மோசமான பதில். குறிப்பான ஒரு குறை, அதன் காரணம், செய்யக்கூடிய மாற்று என்று மூன்று வாக்கியம் தயாராக இருந்தால் போதும். செய்தி நெறி பற்றியும் கேட்பார்கள்: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ, முகத்தையோ, பள்ளியையோ, வீட்டையோ அடையாளம் தெரியும்படி வெளியிட போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை விதிக்கிறது என்பது வாயில் வர வேண்டும்.

கடைசி ஆறு வாரம்

புதிதாக எதையும் தொடங்காதீர்கள். வாரம் ஒரு மாதிரித் தாள், கடிகாரத்தை வைத்து. நான்கு மதிப்பெண் விடைக்கு எட்டு நிமிடம், மூன்றுக்கு ஐந்து, இரண்டுக்கு மூன்று. மூன்று மணி நேரத் தேர்வில் இதற்கு மேலும் நேரம் மிஞ்சும். அது கொள்குறி வினாக்களைத் திரும்பப் பார்ப்பதற்கு. எழுதிய விடையில் சொற்களை எண்ண வையுங்கள். 80 சொல் கேட்ட இடத்தில் 200 எழுதுகிற பிள்ளையிடம், முதல் வாக்கியத்தை அடித்துவிட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். "இன்றைய நவீன உலகில் ஊடகம் முக்கியப் பங்கு வகிக்கிறது" என்ற அந்த வரி போனால் விடைக்கு ஒன்றும் குறையாது. பத்து விடையில் இப்படி அடித்தால் பதினொன்றாவதை அவர்கள் நேராகவே தொடங்கிவிடுவார்கள்.

"ஐந்தில் மூன்றுக்கு மட்டும்" என்ற குறிப்பைச் சிவப்பில் வட்டமிட்டுப் பழக்குங்கள். ஐந்தையும் எழுதி நேரத்தை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தின நாள் சொல் நோட்டின் வலப்பக்கத்தை மூடி வைத்து, இடப்பக்கச் சொல் ஒவ்வொன்றுக்கும் உதாரணத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். 80 சொல்லுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.